சுரங்கத்துக்கு ஓர் ஆலோசகர்

“ஃபாரத்துல கையெழுத்துப் போட்டது நீங்க. அதுவும் ரெண்டு இடத்துல…”

“பேனாவைக் கையில திணிச்சது நீ. மூடியைக்கூட நீதான் கழட்டின…”

“…முழுப் பேரையும் எழுதி, கீழ கோடு வேற இழுத்தீங்க…”

“…நான் அப்பத்தான் வேலையிலேருந்து வந்திருந்தேன். அந்த நேரத்துல என் தலையை எழுதிக் கேட்டிருந்தாலும் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருப்பேன்.”

“இப்ப மட்டும் ரொம்பத் தெளிவா இருக்கீங்களாக்கும்.”

“எப்படி இருப்பேன்? கண்ணை மூடி ஒன்பது நாளாச்சு.”

சண்டை அங்கேயே நின்றுவிட்டது. அது உண்மை என்பது தையல்காரிக்குத் தெரியும். கட்டிலுக்குப் பக்கத்தில் தைத்தபடி நாளை எண்ணியவளே அவள்தான்.

அவள் கணவருக்கு ரொட்டிக்கடையில் அடுப்பு வேலை. ஊர் படுக்கும்போது அவர் கிளம்புவார், ஊர் எழும்போது வந்து படுப்பார். இருபத்திரண்டு வருஷமாகப் பகலில் தூங்கியே குடும்பம் நடத்தியவர். பக்கத்தில் அவள் தையல் மிஷினைக் கடகடவென்று ஓட்டினாலும் அவருக்கு அது தாலாட்டு. ஆனால் ஒருமுறை முழிப்புத் தட்டிவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். மறுபடி தூக்கம் வராது.

அவர்கள் குடியிருந்த மாடிக்குக் கீழே முன்பு மேஜை நாற்காலி விற்கும் கடை இருந்தது. அது போய், மூன்று மாதத்துக்கு முன் ‘மக்கள் சுரங்கம்’ வந்தது. கிரிப்டோ என்றார்கள். மிஷின்கள் ராத்திரி பகலாகக் கணக்குப் போடும், கணக்குச் சரியாக வந்தால் எங்கிருந்தோ ஒரு காசு கிடைக்கும், அந்தக் காசைக் கண்ணால் பார்க்க முடியாது என்று விளக்கினார்கள். பார்க்க முடியாத காசு என்றதும் முடிதிருத்துகிறவரிலிருந்து பள்ளிக்கூட டீச்சர் வரை எல்லோருக்கும் நம்பிக்கை பிறந்துவிட்டது. தெருவுக்குத் தெரு பங்கு வாங்கினார்கள். தையல்காரியும் துணி ஓரம் அடிக்கிற பழைய ஓவர்லாக் மிஷினை விற்று ஒரு பங்கு வாங்கினாள். மேலே சொன்ன கையெழுத்து அதற்குத்தான்.

பிறகு மிஷின்கள் வந்து இறங்கின. செருப்புப் பெட்டி அளவில் இருநூறு. இருநூறு குளவிக் கூட்டை ஒரே அறையில் போட்டுப் பூட்டினாற்போல் சத்தம். சத்தத்துக்குக்கூட அவர் ஒருமாதிரி பழகிவிட்டார். சூடுதான் தாங்கவில்லை. கீழே இருக்கிற அனலையெல்லாம் வெளியே தள்ள, லாரிச் சக்கரம் அளவுக்கு ஒரு விசிறியைப் பின்பக்கச் சுவரில் பதித்திருந்தார்கள். அதற்கு நேர் மேலே இவர்கள் படுக்கையறை ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் அனல். மூடினால் புழுக்கம். தரையில் கால் வைக்க முடியாது. சட்டைக் காலரை மடித்துத் தரையில் போட்டால், பத்து நிமிஷத்தில் இஸ்திரி போட்டதுபோல் விறைப்பாகிவிடும். அந்த ஒரு சௌகரியத்தை மட்டும் தையல்காரி மறுக்கவில்லை.

“அங்கயும் அடுப்பு, இங்கயும் அடுப்பு,” என்றார் கணவர். “அங்கயாவது சம்பளம் குடுக்கறாங்க.”

அந்தச் சம்பளத்துக்கும் ஆபத்து வந்துவிட்டது. அடுப்பு முன்னால் நின்றபடியே அவர் அசந்துபோக, ஒரு தட்டு ரொட்டி கரியாகிவிட்டது. அடுத்த வாரம் இன்னொரு தட்டு. முதலாளி சத்தம் போடுகிற ஆள் இல்லை. தோளில் கையை வைத்து, “மூணாவது தட்டும் கருகிச்சுன்னா, அப்புறம் நீ வீட்டுலயே நிம்மதியா தூங்கலாம்ப்பா,” என்று மட்டும் சொன்னார்.

தையல்காரியின் தம்பி ஏசி மெக்கானிக். அவனை வரவழைத்துக் காட்டினாள். ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தான்.

“அக்கா, இது ஒரு மணி நேர வேலை. எட்டே போல்ட்டு. இந்த விசிறியைக் கழட்டி முன்பக்கச் சுவத்துல மாட்டினா அனல் ரோட்டுப் பக்கம் போயிடும். அவங்க மிஷினுக்கும் அதுதான் நல்லது. இப்படியே விட்டா மாமாவுக்கு முன்னாடி அது வெந்துடும்.”

“அப்ப நீயே கழட்டிடேன்.”

“அவங்க சொத்துக்கா. ஒரு வார்த்தை ‘சரி’ன்னு சொல்லச் சொல்லு. இப்பவே ஸ்பேனரை எடுக்கறேன்.”

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் தையல்காரி இரண்டாவது மாடிக்குப் படியேறினாள்.

கம்பெனி ஆபீஸ் அங்கே இருந்தது. கதவைத் திறந்ததும் முகத்தில் குளிர் அடித்தது. இரண்டு ஏசி ஓடிக்கொண்டிருந்தன. கீழே இருநூறு மிஷினுக்கு ஒரு விசிறி, மேலே இரண்டு மனிதருக்கு இரண்டு ஏசி. பரீட்சை மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்ற செயலாளர், இடது கையால் ஒரு காகிதத்தை மறைத்துக்கொண்டு வலது கையால் எழுதிக்கொண்டிருந்தார். பார்த்து எழுதிவிடுவார்களோ என்ற பழைய பயம்.

அவள் விஷயத்தைச் சொன்னாள். அவர் முழுசாகக் கேட்டார்.

“விசிறியைத் திருப்பறது நிர்வாக விஷயம் இல்லைம்மா. கொள்கை விஷயம். அதுக்கு ஆலோசனைக் குழு ஆலோசனை சொல்லணும்.”

“சரிங்க. அவங்ககிட்ட கேட்டுச் சொல்லுங்க.”

“குழு இன்னும் அமைக்கலை.”

“எப்ப அமைப்பீங்க?”

“அதுலதான் ஒரு சிக்கல் இருந்தது. குழுவை எப்படி அமைக்கறதுன்னு ஆலோசனை சொல்ல ஒரு குழு இல்லை. அதனால மூணு மாசமா நகராம நின்னுச்சு. நல்லவேளை, போன வாரம் தலைவர் அந்தத் தடையைத் தாண்டிட்டார்.”

“எப்படிங்க தாண்டினார்?”

“தாண்டியாச்சுன்னு நோட்டீஸ் போர்டுல போட்டுட்டார்.”

தையல்காரி நோட்டீஸ் போர்டைப் பார்த்தாள். போட்டுத்தான் இருந்தது.

“வியாழக்கிழமை தேர்வு,” என்றார் செயலாளர். “அஞ்சு நாற்காலி. பங்கு வச்சிருக்கற குடும்பத்துல யார் வேணா வரலாம். இது மக்கள் கம்பெனி. ரெண்டு போட்டோ, விண்ணப்பம் மூணு பிரதி. மூணும் கையால எழுதணும், ஒண்ணைப் பார்த்து ஒண்ணு எழுதக் கூடாது.”

வியாழக்கிழமை மூன்று பேரும் போனார்கள். மூவரில் ஒருவராவது உள்ளே நுழைந்துவிட்டால் விசிறி திரும்பிவிடும் என்பது தையல்காரியின் கணக்கு. கணவருக்கு வர இஷ்டமில்லை. “வீட்டுல படுத்துப் புரளறதுக்கு அங்க வந்து உட்காருங்க, குளுகுளுன்னு இருக்கு,” என்று சொல்லித்தான் கூட்டிக்கொண்டு போனாள்.

முதல் நான்கு நாற்காலிகள் டீ வருவதற்குள் நிரம்பிவிட்டன. கட்டட உரிமையாளருக்கு ஒன்று, தலைவரின் மச்சானுக்கு ஒன்று. மச்சானுக்குத் துணையாக வந்தவர் சும்மா உட்கார்ந்திருந்தது நன்றாக இல்லை என்று அவருக்கும் ஒன்று. நான்காவது, போட்டோ எடுக்க வந்தவருக்கு. கேமராவோடு அவர் எல்லோரையும் சமமாகப் பார்த்ததாகத் தலைவர் சொன்னார்.

ஐந்தாவது நாற்காலிக்குத்தான் நிஜமான நேர்காணல். மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் தலைவர், இந்தப் பக்கம் செயலாளர், அந்தப் பக்கம் மிஷின்களைப் பார்த்துக்கொள்கிற கணினிக்காரர். தலைவர் இருபது வருஷம் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். இன்னும் பேசும்போது வலது கால் மேஜைக்கு அடியில் பிரேக் தேடும்.

தம்பியை முதலில் கூப்பிட்டார்கள். கதவு திறந்தே இருந்ததால் வெளியே சோபாவில் எல்லாம் கேட்டது.

“கம்பெனியோட வளர்ச்சிக்கு உங்க பார்வை என்ன?” என்றார் தலைவர்.

“சார், கீழ சூடு எழுபது டிகிரி தாண்டுது. விசிறி தப்பான சுவத்துல இருக்கு. இப்படியே போனா ரெண்டு மாசத்துல பாதி மிஷின் படுத்துடும்.”

“அது உண்மைதான் சார்,” என்றார் கணினிக்காரர். “ஏற்கெனவே பதினொண்ணு படுத்துடுச்சு.”

“உங்களைக் கேட்டா நீங்க சொல்லுங்க,” என்று தலைவர் அவரை அடக்கிவிட்டுத் தம்பி பக்கம் கனிவாகத் திரும்பினார். “தம்பி, தப்பா நினைக்கக் கூடாது. உங்களுக்கு விஷயம் தெரிஞ்சிருக்கு. விஷயம் தெரிஞ்சவங்க ஒரு பக்கமா சாய்ஞ்சிடுவாங்க. என் டிரைவிங் ஸ்கூல்லயும் பார்த்திருக்கேன். ஏற்கெனவே ஓட்டத் தெரிஞ்ச ஒருத்தன் வந்து சேர்ந்தான்னா வகுப்பே கெட்டுடும். வண்டியை எடுப்பான், நேரா போவான், நிறுத்திட்டு இறங்கிடுவான். பக்கத்துல பிரேக்கை மிதிச்சுட்டு உட்கார்ந்திருக்கற எனக்கு என்ன மரியாதை?”

தம்பி வெளியே வந்து, “தோத்துட்டேன்க்கா,” என்றான்.

“என்ன காரணமாம்?”

“விடை சரியா சொல்லிட்டேனாம்.”

அடுத்தது தையல்காரி. தம்பி செய்த தப்பைத் தான் செய்யக் கூடாது, பொதுவாகப் பேச வேண்டும் என்று சோபாவிலேயே தீர்மானித்திருந்தாள்.

“நாணயத்தோட எதிர்காலத்தைப் பத்தி என்ன நினைக்கறீங்க?” என்று செயலாளர் கேட்டார்.

“நல்லா இருக்கும்னு நினைக்கறேங்க.”

மூவரும் திருப்தியாகத் தலையை அசைத்தார்கள்.

“உலகப் பொருளாதாரம்?”

“அதுவும் நல்லாத்தான் இருக்கும்.”

“பிரமாதம்,” என்றார் தலைவர். “கடைசியா ஒரு சம்பிரதாயக் கேள்வி. உங்களுக்கு எதாவது கருத்து உண்டா?”

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள். இத்தனை நாள் புழுக்கம் அந்த வாய்வழியாக வெளியே வந்துவிட்டது. விசிறி, ஜன்னல், கட்டில், தரை, இரண்டு தட்டு ரொட்டி, எட்டு போல்ட்டு.

தலைவர் பேனாவை மூடிவைத்தார். “அம்மா, நீங்க கிட்டத்தட்ட தேறிட்டீங்க. ஆனா உங்களுக்கு ஒரு கருத்து இருக்கு. கருத்து இருக்கறவங்களை உள்ள விட்டா ஆலோசனை சொல்ல ஆரம்பிச்சுடுவாங்க.”

“ஆலோசனைக் குழுன்னுதானேங்க பேரு?”

“பேரு அதுதான். டிரைவிங் ஸ்கூல்னு எனக்கும்தான் பேரு இருந்தது. அதுக்காக எல்லாருமே ஓட்டக் கத்துக்கிட்டாங்களா?”

அவள் வெளியே வருவதற்குள் செயலாளர் அடுத்த விண்ணப்பத்தைப் படித்துக் கணவரைக் கூப்பிட்டுவிட்டார். வேண்டாம் என்று அவள் கையைக் காட்டினாள். கணவர் அவளைப் பார்க்கவில்லை. எழுந்து நேராக நடந்து போய் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த நடையைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆள் தூங்கிவிட்டார்.

அடுப்பு வேலைக்காரர்களுக்கு இது ஒரு வித்தை. ஒரு தட்டு உள்ளே போய் அடுத்த தட்டு வெளியே வருவதற்கு நடுவில் சில நிமிஷம் கிடைக்கும். அதற்குள் நின்றபடியே, கண்ணைப் பாதி திறந்துவைத்துக்கொண்டே தூங்கக் கற்றுக்கொள்வார்கள். தலை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து, சட்டென்று நிமிரும். தெரியாதவர்கள் பார்த்தால் ஆமாம் போடுகிற மாதிரியே இருக்கும்.

“நம்ம கம்பெனியோட அடிப்படை என்ன தெரியுமா?” என்று தலைவர் தொடங்கினார். “நம்பிக்கை.”

தலை தாழ்ந்து நிமிர்ந்தது.

“ஜனங்க எங்ககிட்ட ஏன் பணம் குடுத்தாங்க? நாங்க என்ன பண்றோம்னு புரிஞ்சா?”

தலை தாழ்ந்தது. நிமிரக் கொஞ்சம் தாமதமானது. தலைவர் அதைத் தயக்கமாக எடுத்துக்கொண்டு, தானே இறங்கி வந்தார்.

“கரெக்டா பிடிச்சுட்டீங்க. புரியலை. எனக்கே புரியலை. புரிஞ்சிருந்தா நான் போட்டிருப்பேனா? அதனாலதான் நான் போடலை. ஆனா ஒரு தலைவனுக்குத் தேவை புரியறது இல்லை. முன் சீட்ல உட்கார்றது.”

தலை நிமிர்ந்தது.

அப்படியே இருபத்தைந்து நிமிஷம் பேசினார். தன் முதல் லைசென்ஸ், தொழிலில் பட்ட துரோகங்கள், ரிவர்ஸ் எடுப்பதில் உள்ள தத்துவம், எல்லாம் வந்தது. முடித்தபோது அவர் கண் கலங்கியிருந்தது.

“இன்னைக்கு முழுக்க என் பேச்சைக் குறுக்க பேசாம கேட்ட ஒரே மனுஷன் இவர்தான்,” என்றார். “என்ன ஒரு நிதானம். எதுவும் சொல்ல அவசரப்படலை. இவர்தான் ஆலோசகர்.”

கைதட்டலில் கணவர் விழித்துக்கொண்டார். படி இறங்கும்போது மனைவியைக் கேட்டார். “என்ன ஆச்சு? எதுக்குக் கை குடுத்தாங்க?”

“ஆலோசகர் ஆயிட்டீங்க.”

“சம்பளம் உண்டா?”

“கிடையாது. ஏசி உண்டு.”

அவர் யோசித்தார். “எத்தனை மணிக்கு வரணுமாம்?”

கூட்டம் வாரத்துக்கு ஒருமுறை, பத்து மணிக்கு. முதல் கூட்டத்துக்குப் போகுமுன் தையல்காரி அவருக்கு நன்றாகப் பாடம் சொல்லி அனுப்பினாள். உட்கார்ந்ததும் முதல் வேலையாக விசிறியைப் பற்றிப் பேச வேண்டும். அவரும் சரி சரி என்று போனார். ஒரு மணிக்குத் திரும்பி வந்தவர் முகத்தில் பல வாரமாகக் காணாத ஒரு மினுமினுப்பு.

“சொன்னீங்களா?”

“சொல்லணும்னுதான் உட்கார்ந்தேன். தலைவர் வரவேற்புரையை ஆரம்பிச்சார். அவ்வளவுதான் தெரியும்.”

அவள் திட்ட வாயெடுத்தாள். கணவர் விசில் அடித்துக்கொண்டே வாளியில் தண்ணீர் பிடிப்பதைப் பார்த்ததும் மூடிக்கொண்டாள். அன்றைக்கு ரொட்டி ஒன்றும் கருகவில்லை.

மறுநாள் அவள் மறுபடி படியேறினாள். முறையைப் புரிந்துகொண்டவள் பேசுகிற பேச்சு இப்போது.

“சார், இந்த விசிறி விஷயம் ரொம்பப் பெரிய விஷயம் இல்லீங்களா? வாரம் ஒரு கூட்டத்துல முடிஞ்சிடுமா?”

செயலாளர் நிமிர்ந்தார். இப்படியொரு பொறுப்பான கேள்வியைப் பொதுமக்களிடமிருந்து அவர் எதிர்பார்க்கவில்லை. “உபகுழு போடலாம்,” என்றார்.

“ஒரு உபகுழு போதுமாங்க? சூடு ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம், எந்தச் சுவருன்னு ஒரு பக்கம்…”

“போல்ட்டு,” என்றார் செயலாளர், எழுதிக்கொண்டே. “போல்ட்டை விட்டுட்டீங்களே.”

வெப்ப உபகுழு திங்கள், ஒலி உபகுழு செவ்வாய், திசை உபகுழு புதன், போல்ட்டு உபகுழு வெள்ளி என்றானது. நான்கிலும் உறுப்பினராக இருக்கச் சம்மதமா என்று கேட்டபோது கணவர் தலையை ஆட்டியதாகக் குறிப்பேட்டில் இருக்கிறது. சனிக்கிழமை எல்லா உபகுழுவையும் ஒருங்கிணைக்க இன்னொரு குழு. காலை எட்டு மணிக்குப் போனால் இரண்டு மணிக்கு வருவார். ஒட்டிப்போன கன்னம் மறுபடி உப்பிவிட்டது. ரொட்டிக்கடை முதலாளி, “என்னப்பா, கல்யாண மாப்பிள்ளை மாதிரி வர்ற,” என்று கேலி செய்தார்.

கம்பெனியிலும் நல்ல பெயர். மற்ற நான்கு ஆலோசகர்களும் டீ சரியில்லை, நாற்காலி ஆடுகிறது என்று நேரத்தைத் தின்றார்கள். இவர் ஒருவர்தான் பொதுநலத்தில் ஆழ்ந்திருப்பதாகத் தலைவர் ஊரெல்லாம் சொன்னார். கண் மூடியிருப்பதைப் பற்றிப் போட்டோக்காரர் ஒருமுறை ஏதோ கேட்டதற்கு, “யோசிக்கும்போது உங்களுக்குக் கண் திறந்திருக்குமா?” என்று மடக்கிவிட்டார்.

எல்லாம் சரிதான். ஆனால் தையல்காரி இன்னும் அந்த மாடியில்தான் உட்கார்ந்து தைத்தாள். அவளை எந்தக் குழுவிலும் எடுக்கவில்லை. கத்தரிக்கோல் பிடி சுட்டது. ஈரத்துணியைக் காலடியில் போட்டுக்கொண்டு மிஷினை மிதித்தாள். நூறு யூனிஃபார்ம் தைத்து முடிப்பதற்குள் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமை குழு கிடையாது. அன்றைக்கு அவரும் அவளோடு வெந்தார். கீழே படுத்த மிஷின்களின் எண்ணிக்கை நாற்பதைத் தாண்டிவிட்டதாகக் கணினிக்காரர் யாரும் கேட்காமலே சொன்னார். மீதி மிஷின்கள் தோண்டுகிற காசு கரண்டு பில்லுக்கும் இரண்டு ஏசிக்கும் சரியாக இருந்தது.

ஐந்து மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை, எல்லா உபகுழுக்களின் அறிக்கையும் வந்து சேர்ந்தது. முந்நூற்று நாற்பது பக்கம். விசிறியை முன்பக்கச் சுவரில் மாட்டலாம் என்று கடைசிப் பக்கத்தில் இருந்தது. வருஷத்துக்கு ஒருமுறை கூடும் சிறப்புக் கூட்டம் அன்றைக்கு. பங்குதாரர்கள் பின்னால் நின்று பார்க்கலாம், பேசக் கூடாது. தையல்காரி நின்றாள். வாசலில் தம்பி ஸ்பேனரோடு நின்றான்.

“ஒரு விஷயம் மட்டும் சொல்லிடறேன்,” என்று தலைவர் எழுந்தார். “விசிறியை ஏன் முதல்லயே முன்பக்கம் வைக்கலைன்னு சில பேர் கேட்கறாங்க. முன்பக்கத்துல நம்ம பெயர்ப்பலகை இருக்கு. அதுல என் போட்டோ இருக்கு. விசிறி வந்தா பலகை ரெண்டடி நகரணும். மிஷின் இல்லாம ஒரு சுரங்கம் இருக்கலாம். முகம் இல்லாம இருக்க முடியுமா? ஆனாலும் மக்களுக்காக என் முகத்தை ரெண்டடி நகர்த்தச் சம்மதிக்கறேன்.”

கைதட்டினார்கள்.

“ஆனா இது சிறப்புத் தீர்மானம்,” என்றார் செயலாளர். “தலையாட்டினா செல்லாது. அஞ்சு பேரும் வாயைத் திறந்து ‘சம்மதம்’னு சொல்லணும். இன்னைக்கு விட்டா அடுத்த வருஷம்தான்.”

கட்டட உரிமையாளர் சம்மதம் என்றார். மச்சான் சம்மதம் என்றார். மச்சானுக்குத் துணையாக வந்தவர், மச்சானைப் பார்த்துவிட்டுச் சம்மதம் என்றார். போட்டோக்காரர் சொல்லிவிட்டு, மறுபடி ஒருமுறை கேமராவுக்காகச் சொன்னார்.

கணவர் மேஜைமேல் கன்னத்தை வைத்துவிட்டார். தலை தாழ்வதும் நிமிர்வதும் கூட இல்லை. முந்தின நாள் ஞாயிறு, அவர் புரண்டு புரண்டு படுத்துவிட்டு வேலைக்குப் போயிருந்தார். கடையில் இரட்டை ஆர்டர். இன்றைக்கும் இரட்டை. முதலாளி காலையில் அனுப்பும்போது, “இன்னைக்கு ராத்திரி ஒரு தட்டுகூடப் போகக் கூடாது, பார்த்துக்கோ,” என்று சொல்லி அனுப்பியிருந்தார். வந்ததும் அவளிடம் அதைச் சொன்னவர், சட்டையைக்கூட மாற்றாமல் கூட்டத்துக்கு ஓடினார்.

“ஐயா,” என்றார் செயலாளர்.

வாய் லேசாகத் திறந்திருந்தது. சம்மதம் மட்டும் அதிலிருந்து வரவில்லை.

தையல்காரி பேசக் கூடாது என்பதை மறந்து இரண்டடி முன்னால் வந்துவிட்டாள். கையை நீட்டினாள். தோளுக்கு ஒரு சாண் தூரத்தில் கை நின்றது. எழுப்பினால் இன்றைக்கு மறுபடி தூக்கம் வராது, ராத்திரி மூன்றாவது தட்டு. நெற்றியில் சுருக்கம் ஒன்றும் இல்லை. சட்டைக் கையில் மாவு ஒட்டியிருந்தது. மூச்சு சீராக வந்து போய்க்கொண்டிருந்தது. வாசலில் தம்பி, தொடு தொடு என்று ஸ்பேனரால் ஜாடை காட்டினான்.

அறையில் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். தலைவர் குரலைத் தாழ்த்தி, மிகுந்த மரியாதையோடு கேட்டார்:

“அம்மா, ஐயா ஆழ்ந்த யோசனையில இருக்கார். நீங்களே கூப்பிடறீங்களா, இல்ல விசிறியை அடுத்த வருஷத்துக்குத் தள்ளி வைக்கட்டுமா?”